மழைத்துளி ஏன் தலையைத் துளைப்பதில்லை?

காற்றே இல்லாவிட்டால், 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைத் தாக்கும். உண்மையில் பெரிய துளிகூட மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் வருகிறது. எப்படி?

துளி விழத் தொடங்கும்போது அதன் எடை கீழே இழுக்கிறது. எதிர்க்கும் விசை ஏறக்குறைய இல்லை. விசைகள் சமன்படாததால் வேகம் கூடுகிறது. வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் வலுக்கிறது. விரைவிலேயே, மேல்நோக்கிய தடையும் கீழ்நோக்கிய எடையும் சரிக்குச் சரியாகி, நிகர விசை சுழியாகிறது.

அப்போது துளி அந்தரத்தில் நின்றுவிடுமா? நிற்காது! விசைகள் சமன்பட்டால் வேகம் மாறுவதுதான் நிற்கும், இயக்கம் நிற்காது. 1687-இல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதி சொல்வது இதைத்தான். அந்த மாறாத வேகமே முற்றுத் திசைவேகம்.

1 மில்லிமீட்டர் துளிக்கு இது நொடிக்குச் சுமார் 4 மீட்டர். 5 மில்லிமீட்டர் துளிக்கு 9 மீட்டர். துளி பெரிதாகும்போது, காற்றை எதிர்கொள்ளும் பரப்பைவிட எடை வேகமாகக் கூடுவதே காரணம். தூறல் வருடுவதும் கோடைமழை சுளீரென்று அடிப்பதும் இதனால்தான்.

ஆக, ஒரு பொருளின் வேகமோ திசையோ மாறினால், அங்கே சமன்படாத விசை இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம்.