பக்கத்து இருக்கையில் ஒரு வாசகர்

"ஏம்மா, அவனுக்கே தமிழ் தடுமாறுது. அவன் போய் இன்னொரு பையனோட கட்டுரைக்குக் கருத்துச் சொல்றானாம். அப்புறம் டீச்சர் எதுக்கு?"

நான் தமிழாசிரியர் பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து சித்தப்பா விடாமல் கேட்கும் கேள்வி இது. அவர் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். மகனின் கட்டுரைத் தாளில் ஆசிரியரின் சிவப்பு மை இல்லை. வகுப்புத் தோழன் பென்சிலில் கிறுக்கிய இரண்டு வரிதான் இருந்தது. சித்தப்பாவின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சகமாணவர் பின்னூட்டம் சிங்கப்பூர் வகுப்பறைகளுக்குப் புதிதல்ல. ஆனால் அது எதற்கு என்று பெற்றோருக்கு விளக்கிச் சொல்பவர்கள் குறைவு.

முதலில் அது எது இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது மதிப்பெண் போடுவது இல்லை. எழுத்துப்பிழை பிடிப்பதும் இல்லை. ஒரு மாணவர் இன்னொருவரின் எழுத்தைப் படித்து, எங்கே புரிந்தது, எங்கே புரியவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும். எழுதியவர் அதைக் கேட்டுவிட்டு மறுபடி எழுத வேண்டும். இந்த மறுபடி எழுதுவது நடக்காவிட்டால் மற்றது எல்லாம் வீண். பல வகுப்புகளில் மணி அடித்துவிடுவதால் விடுபட்டுப் போவதும் அதுதான்.

சித்தப்பாவின் சந்தேகத்துக்கு ஆய்விலும் ஆதாரம் இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த கிரஹாம் நட்ஹால், மாணவர்கள் உடையில் சின்ன ஒலிவாங்கிகளைப் பொருத்தி, வகுப்பில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பதிவு செய்தவர். ஒரு மாணவருக்குக் கிடைக்கும் பின்னூட்டத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு சகமாணவரிடமிருந்தே வருகிறது என்றும், அதில் பெரும்பகுதி தவறானது என்றும் அவர் கண்டார். நானே பார்த்திருக்கிறேன். "ஆற்றங்கரையில் அமர்ந்தோம்" என்று சரியாக எழுதியிருந்த பெண்ணின் தாளில், பக்கத்துப் பையன் மிகுந்த தன்னம்பிக்கையுடன் "கறை" என்று திருத்தி வைத்திருந்தான். அவளும் உடனே அழித்து எழுதிவிட்டாள்.

ஆனால் நட்ஹாலின் கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். ஆசிரியர் ஏற்பாடு செய்தாலும் செய்யாவிட்டாலும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். அதை நிறுத்த முடியாது. எனவே அதை எப்படிச் சொல்வது என்று பழக்குவதா, அதன் போக்கில் விட்டுவிடுவதா என்பதுதான் நம்முன் இருக்கும் கேள்வி.

எனக்குப் பெரிதாகப் பட்டது 2009இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற மாணவர்களை கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ரம், வெண்டி பேக்கர் இருவரும் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் பிறர் கட்டுரைகளுக்குக் கருத்து எழுதினார்கள். தங்களுக்கு எந்தக் கருத்தையும் பெறவில்லை. மற்றப் பிரிவினர் கருத்தைப் பெற்றுத் திருத்த மட்டும் கற்றார்கள். பருவ முடிவில் இரு பிரிவினரும் சொந்தமாக எழுதிய கட்டுரைகளை ஒப்பிட்டால், கருத்து எழுதிய பிரிவினரே அதிகம் முன்னேறியிருந்தார்கள். அதிலும் மொழித்திறன் குறைவாக இருந்தவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

இதைப் படித்த பிறகு சித்தப்பாவின் கேள்வி எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. தடுமாறும் பையன் சொல்லும் கருத்தால் மற்றவனுக்கு என்ன லாபம் என்று அவர் கேட்கிறார். லாபம் முதலில் கருத்துச் சொன்ன பையனுக்குத்தான். காரணம் எளிது. என் எழுத்தை நான் படிக்கும்போது, தாளில் இல்லாததையும் மனம் நிரப்பிக்கொள்கிறது. அடுத்தவர் எழுத்தில் அந்த வசதி இல்லை. ஓட்டை ஓட்டையாகவே தெரியும். அதைக் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்ல, தன் எழுத்தையும் அந்தக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வருகிறது. நல்ல எழுத்து எது என்ற உணர்வு ஆசிரியரிடம் மட்டும் இருந்தால் போதாது, மாணவரிடமும் வளர வேண்டும் என்று ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989இலேயே எழுதினார். அந்த உணர்வு விளக்கவுரையால் வராது, பல எழுத்துகளைப் பார்த்தால்தான் வரும்.

மாணவரை மாணவருக்கு உதவ வைப்பதில் தமிழ்நாட்டுக்குப் பழைய தொடர்பு உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையைப் பற்றித் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்போம். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பையன்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1797இல் அவர் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

ஆனால் அதையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. சட்டாம்பிள்ளை ஆசிரியரின் கை. அவர் சொன்னதை அப்படியே கீழே கடத்துபவன். குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத்தான் பெல்லின் முறை பெரிதும் பயன்பட்டது. சகமாணவர் பின்னூட்டம் ஆசிரியரின் வேலையைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூடத்தான் செய்கிறது.

பயிற்சி ஆசிரியர்களான நாங்களும் எங்களுக்குள் இதைச் செய்துகொள்கிறோம். நாங்கள் பயிலும் தேசியக் கல்விக் கழகம் தீவின் மேற்குக் கோடியில் இருக்கிறது. அதனால் நண்பர்கள் சிலர் வார இறுதியில் டோபி காட் ரயில் நிலையத்தில் சந்திப்போம். மூன்று ரயில் தடங்கள் கூடும் இடம் என்பதால் யாருக்கும் தூரமில்லை. நிலையத்தை ஒட்டியிருக்கும் சோட்டா கலைப்பள்ளியின் அகலமான படிக்கட்டில் உட்கார்ந்து ஒருவர் பாடத்திட்டத்தை மற்றவர் பார்ப்போம். என் பாடத்திட்டத்தில் தோழி ஒருத்தி கேட்ட கேள்வி: "இந்தப் பத்து நிமிஷம் நீ பேசிட்டே இருக்க. பிள்ளைங்க என்ன செஞ்சிட்டிருப்பாங்க?" விரிவுரையாளர் எழுதும் ஒரு பக்கக் குறிப்பைவிட அது சுருக்கென்று பட்டது.

அங்கிருந்து செலிகி சாலையைக் கடந்தால் ஷார்ட் ஸ்திரீட். 1887 ஆகஸ்ட் 15ஆம் தேதி, ஆஸ்திரேலிய மிஷனரி சோஃபியா பிளாக்மோர் அந்தத் தெருவின் கடைவீடு ஒன்றில் 9 இந்தியச் சிறுமிகளுடன் தமிழ்ப் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தொடக்கம் அதுதான். ஒன்பது பேர் என்றால் ஆசிரியரே ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்துவிடலாம். 25 பேர் கொண்ட வகுப்பில், ஆளுக்கு எட்டு நிமிடம் என்று வைத்தாலும் 200 நிமிடம் ஆகிறது. அதற்குள் எழுதிய பிள்ளை எழுதியதையே மறந்திருக்கும்.

சிங்கப்பூர்த் தமிழ் வகுப்புகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ் கற்பிக்கப்படாத பள்ளிகளின் பிள்ளைகள், மாலையில் பீட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களுக்கு வந்து படிக்கிறார்கள். பல பள்ளிச் சீருடைகள் ஒரே அறையில் இருக்கும். ஒருவரை ஒருவர் சரியாகத் தெரியாது. அறிமுகமில்லாதவரின் எழுத்தைப் பற்றி எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "சூப்பர்" என்பார்கள், அல்லது "இன்னும் நன்றாக எழுதலாம்" என்பார்கள். இரண்டாலும் எழுதியவருக்குப் பயனில்லை.

'இரண்டு நட்சத்திரம், ஒரு விருப்பம்' என்று ஒரு முறை தொடக்கநிலை வகுப்புகளில் பிரபலம். இரண்டு பாராட்டு, ஒரு யோசனை. தொடங்குவதற்குச் சரி. ஆனால் உயர்நிலைக்கு வந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால், பிள்ளைகள் பாராட்டைச் சடங்காகச் சொல்லிப் பழகிவிடுகிறார்கள். கேள்வியாகக் கேட்க வைப்பது அதைவிடப் பலன் தருகிறது என்பது என் எண்ணம்.

ஒரு பையன் எழுதியிருந்தான்: "நான் தாமதமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா மிகவும் கோபமாக இருந்தார்." அதைப் படித்தவனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: உன் கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் கண்டுபிடித்து ஒரு கேள்வி கேள். அவன் கேட்டான்: "கோபமா இருந்தா உங்கம்மா என்ன செய்வாங்க?" எழுதியவன் சிரித்துவிட்டான். இரண்டாவது படியில் வந்த வரி: "அம்மா என்னைப் பார்க்கவில்லை. சாதத்தை மட்டும் தட்டில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்." கேள்வி கேட்டவனும் சும்மா இருக்கவில்லை. தன் கட்டுரையை எடுத்து, "நான் பயந்தேன்" என்ற வரியை அடித்துக்கொண்டிருந்தான்.

இதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வகுப்பிலுள்ள எவருடையதுமல்லாத, பெயரில்லாத ஒரு கட்டுரையைத் திரையில் போட்டு, எல்லாரும் சேர்ந்து கேள்வி கேட்டுப் பழக வேண்டும். அங்கே யார் மனமும் புண்படாது. அமெரிக்க ஆசிரியர் ரான் பெர்கர் காட்டும் 'ஆஸ்டினின் பட்டாம்பூச்சி' காணொளியைத் தேடிப் பார்க்கலாம். முதலாம் வகுப்புப் பையன் ஒருவன் பட்டாம்பூச்சி வரைகிறான்; வகுப்புத் தோழர்கள் இறக்கையின் வடிவத்தைப் பற்றி, பிறகு கோடுகளைப் பற்றி, ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள்; கடைசிப் படத்தையும் முதல் படத்தையும் ஒருவரே வரைந்தார் என்று நம்ப முடியாது. பெர்கர் கேட்பது மூன்று: கருத்தில் அன்பு இருக்க வேண்டும், குறிப்பான இடத்தைச் சுட்ட வேண்டும், எழுதியவருக்கு உதவ வேண்டும்.

எழுத்துப்பிழையை மட்டும் நான் மாணவரிடம் விடுவதில்லை. அது ஆசிரியர் வேலை. அந்த "கறை" எனக்கு அதைக் கற்றுத்தந்தது. மதிப்பெண்ணையும் கருத்தோடு சேர்த்துத் தருவதில்லை. மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்கள், கருத்தை மட்டும் பெற்றவர்கள் அளவுக்கு முன்னேறவில்லை என்று இஸ்ரேலின் ரூத் பட்லர் 1988இல் காட்டினார். மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு கருத்தை யார் படிக்கிறார்கள்?

இனி தொழில்நுட்பம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டம் வந்தது 1997இல். 'மாணவர் கற்றல் தளம்' என்ற இணையவழித் தளம் 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. கொவிட் காலத்தில் 2020 ஏப்ரல் 8ஆம் தேதி பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது அந்தத் தளம் கைகொடுத்தது. உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் 2028க்குள் சொந்தக் கற்றல் கருவி என்றிருந்த இலக்கு, 2021க்கு முன்கொண்டு வரப்பட்டது.

பின்னூட்டத்துக்கு இதனால் கிடைத்த பெரிய நன்மை, பெயரை மறைக்க முடிவது. யார் எழுதியது என்று தெரியாதபோது, அறிமுகமில்லாத வகுப்பிலும் கொஞ்சம் உண்மை வெளிவருகிறது. முதல் படியும் இரண்டாம் படியும் அழியாமல் அருகருகே நிற்பது இன்னொரு நன்மை; பெற்றோருக்குக் காட்ட அதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் தமிழில் தட்டச்சு செய்யத் திணறும் பிள்ளை, நான்கு வரி சொல்ல நினைத்ததை "ஓகே" என்று முடித்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களைக் குரலில் பதிவு செய்யச் சொல்கிறேன். 2005ஆம் ஆண்டுத் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின் வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. தமிழில் பேச ஒரு காரணம் வேண்டும் என்று தவிக்கும் பிள்ளைக்கு, தோழனின் கதையைப் பற்றிப் பேசுவதைவிட நல்ல காரணம் எங்கே கிடைக்கும்?

செயற்கை நுண்ணறிவுதான் இப்போதைய தலைவலி. மாணவர் கற்றல் தளத்திலேயே ஆங்கிலக் கட்டுரைகளுக்குக் கருத்துச் சொல்லும் கருவி வந்துவிட்டது. தமிழுக்குப் பொதுவான உரையாடு கருவிகளைப் பிள்ளைகள் தாங்களே பயன்படுத்துகிறார்கள். ஒரு மாணவி தோழியின் கட்டுரையை அப்படியே கருவியில் இட்டு, வந்த பதிலை அனுப்பியிருந்தாள்: "உவமை நயம் சிறப்பாக அமைந்துள்ளது." எந்த உவமை என்று கேட்டேன். தெரியவில்லை. கட்டுரையை அவள் படிக்கவே இல்லை. தோழிக்குக் கருத்துக் கிடைத்துவிட்டது. ஆனால் படித்துக் கருத்துச் சொல்பவருக்குச் சேர வேண்டிய பயிற்சி இவளுக்குக் கிடைக்கவில்லை.

அதற்காகக் கருவியைப் பூட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வரிசையை மாற்றினால் போதும். முதலில் கையால் ஒரு கேள்வி எழுத வேண்டும். பிறகு கருவியிடம் கேட்கலாம். கடைசியில் கருவி சொன்னதில் ஏற்காத ஓரிடத்தைக் குறித்துக் காரணம் சொல்ல வேண்டும். இப்படிச் செய்தபோது, கோப்பிக்கடை ஒன்றில் நடக்கும் கதை வந்தது. கடைக்காரர் "என்ன தம்பி, வழக்கம்போல தே சி கொசோங்கா?" என்று கேட்கிறார். கருவி அதைத் திருத்தி, "தம்பி, தாங்கள் வழக்கம்போல் சர்க்கரையில்லாத பால் தேநீர் அருந்துகிறீர்களா?" என்று ஆக்கிவிட்டது. கருத்துச் சொல்ல வேண்டிய பையன் அதன் பக்கத்தில் எழுதினான்: "எந்த அங்கிளும் இப்படிப் பேச மாட்டார். இவன் எழுதினதுதான் சரி." தேர்வில் உரையாடலைப் பேச்சுவழக்கில் எவ்வளவு தூரம் எழுதலாம் என்று அடுத்து ஒருத்தி கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நான் என்பதால் பலகைப் பக்கம் போனேன்.