காவலைத் தடுக்கும் மருந்து

மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை உடற்காவலராகிய வெள்ளணுக்களே தாக்கிச் சிதைப்பதால் விளைவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தணிந்து தணிந்து மீளும் இந்நோய்க்கு, நான்கு வாரத்துக்கொருமுறை 300 மில்லிகிராம் நட்டாலிசுமாப் என்னும் மருந்தை நாளத்தின் வழியே ஏற்றுவர். அது வெள்ளணுக்களை மூளைக்குள் புகாமல் தடுக்கிறது.

நலம் தரும் அத்தடையே இடருக்கும் வாயிலாகும். பலர் உடலில் உறங்கிக் கிடக்கும் ஜே.சி. வைரஸ், காவல் குன்றிய மூளையில் பெருகினால் உயிருக்கே இறுதி நேரலாம். அமெரிக்காவில் 2004இல் இசைவு பெற்ற இம்மருந்து இதனாலேயே 2005இல் நிறுத்தப்பட்டு, கண்காணிப்பு விதிகளுடன் 2006இல் திரும்பிற்று.

ஆதலின், அவ்வைரஸுக்குரிய எதிர்ப்பொருள் குருதியில் உண்டா என முன்னரும் இடையிடையேயும் சோதித்தல் வேண்டும். எதிர்ப்பொருள் உடையோருக்கு, இரண்டாண்டு கடந்தபின் இடர் மிகும். பேச்சிலோ பார்வையிலோ நடையிலோ புதுமாற்றம் தோன்றினால், பழைய நோயே மீண்டதெனத் தாமே முடிவுகட்டலாகாது. அடுத்த மருந்தேற்றத்துக்கு முன் மருத்துவரிடம் உரைத்தல் கடனாகும்.