முதுமையிலும் வலுப்பெறும் தசைகள்

இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்திலும் தமிழ் பேசும் உழைப்பாளர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். கொழுந்துச் சுமையுடன் சரிவேறிய கால்கள், ஓய்வுக்குப் பின் வீட்டுப் படியேறவும் தயங்குகின்றன. ‘வயதாகிவிட்டது, இனிச் செய்வதற்கு என்ன உண்டு?’ என்று குடும்பத்தாரும் இருந்துவிடுகின்றனர். இக்கருத்து பொருந்தாதென்பதை ஆராய்ச்சிகள் மெய்ப்பித்துள்ளன.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கேரள மக்களுள் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் 60 வயதை எட்டியவர்கள். ஆகவே இவ்வினா பல இல்லங்களைப் பற்றியதாகும்.

வலிமை குறைவது ஏன்?

முதுமையில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சில அழிகின்றன, தசையிழைகள் மெலிகின்றன. விரைந்து இயங்கும் இழைகளே மிகுதியாக மெலிவதால், கால் இடறும்போது உடலை உடனே நிலைநிறுத்த இயலாமற் போகிறது. தசைப் பயன்பாடு குறையுமாயின் இந்நலிவு மேலும் விரைவுபடும்.

பாஸ்டன் சோதனைகள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில், 90 வயதையொட்டிய பத்துப் பேருக்குத் தொடைத்தசைப் பயிற்சி எட்டு வாரம் அளிக்கப்பட்டது. 1990-இல் வெளியான முடிவுகளின்படி, அதனை நிறைவு செய்தோரின் தசைவலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. தொடைத்தசையின் பருமனோ சுமார் 9 சதவீதமே பெருகியது. தொடக்கத்தில் நரம்புகள் தசையிழைகளைத் திறம்பட இயக்கக் கற்பதே இவ்வேறுபாட்டிற்கு முக்கிய காரணமாகும். பயிற்சியை நான்கு வாரம் நிறுத்தியதும் வலிமை 32 சதவீதம் குறைந்தது. நூறு முதியோரை ஆராய்ந்து 1994-இல் வெளியிட்ட மற்றோர் அறிக்கை, பயிற்சியின்றிச் சத்துணவு மட்டும் அளிப்பதால் தளர்ச்சி நீங்குவதில்லை எனக் காட்டியது.

செய்முறை

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. உறுதியான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல், மணற்பையைத் தூக்கி இறக்குதல் ஆகியவை போதும். எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்தபின் தசை களைப்புற வேண்டும். எளிதானால் சுமையைச் சிறிது கூட்டலாம். மூச்சை அடக்கலாகாது. வாரத்தில் இரு நாட்களேனும் தசைப் பயிற்சி தேவையென உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. பயறு, பால், முட்டை, மீன் போன்ற புரத உணவு இதற்குத் துணையாகும். இதயநோய், மிகை இரத்த அழுத்தம், அண்மையில் எலும்புமுறிவு உடையோர் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் முதியோரைச் சிறு குழுக்களாகச் சேர்த்து முதற் சில வாரங்கள் உடனிருந்து வழிகாட்டலாம். ஒருவர் கையூன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறார் என்பதை மாதந்தோறும் குறித்துவரின், முன்னேற்றம் அவருக்கே புலப்படும். பயிற்சியும் இடையில் நின்றுவிடாது.