பன்னாட்டு முறையீடும் உள்நாட்டு வாயிலும்: நெருக்கடிநிலை, சிங்கராசா வழக்கு ஆகியவற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மக்களாட்சி நெறிகள் சிதைந்து அரசியல் ஒடுக்குமுறை மேலோங்கும்போது, பாதிக்கப்பட்டோர் உலக நாடுகளை நோக்கி முறையிடுகின்றனர். அம்முறையீடு எந்நிலையில் பயன் தருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1975–77 நெருக்கடிநிலைக் கால நிகழ்வுகளையும் இலங்கையின் சிங்கராசா வழக்கையும் ஒப்பிட்டு, அறிமுகம் சார்ந்த முறையீடு, உரிமை சார்ந்த முறையீடு என இருவகை உண்டு என்றும், இரண்டும் உள்நாட்டு நிறுவனங்களின் வழியாகவே நிறைவுபெறுகின்றன என்றும் இது விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: நெருக்கடிநிலை, மிசா, இறையாண்மை, விருப்ப நெறிமுறை, தடுப்புக் காவல்.

முன்னுரை

ஓர் அரசின் செயலைக் குறித்து அந்நாட்டினர் வெளியுலகில் முறையிட்டால், அதனை ‘உள்நாட்டு விவகாரத்தில் அந்நியத் தலையீடு’ என அவ்வரசு மறுப்பது வழக்கம். ஐ.நா. சாசனத்தின் 2(7)ஆம் உறுப்பு இம்மறுப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படும். ஆனால், இவ்வாதத்தை உலக அரங்கில் முதன்முதலில் எதிர்த்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் நடத்தப்பட்ட முறையை 1946இல் இந்தியா ஐ.நா. பொதுச் சபையின் முன் வைத்தது. அம்மக்களுள் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழிவந்தோர் பலர். அது தனது உள்நாட்டு விவகாரம் என்றது தென்னாப்பிரிக்கா. பொதுச் சபை அவ்வாதத்தை ஏற்காமல், 1946 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. எனவே முறையிடும் உரிமையைக் காட்டிலும், முறையீடு செயற்படும் முறையே இங்கு ஆய்வுக்குரியதாகிறது.

அறிமுகம் சார்ந்த முறையீடு

1975 ஜூன் 25 அன்று நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அதனை எதிர்த்த தி.மு.க. அரசு 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்படும் வரை, பிற மாநிலங்களில் தேடப்பட்ட எதிர்க்கட்சியினர் சிலருக்குத் தமிழகம் புகலிடமாக இருந்தது. கலைப்புக்குப் பின் மிசாச் சட்டத்தின்கீழ் கைதுகள் தொடங்கின. தணிக்கையின் காரணமாகக் கைதானோரின் பெயர்களைக்கூட வெளியிட இயலவில்லை. அண்ணா நினைவுநாளில் மலர்வளையம் வைக்க வர இயலாதோர் பட்டியல் என்ற பெயரில், 1976 பிப்ரவரி 3 அன்று முரசொலி அப்பெயர்களை வெளியிட்டது. சொந்த நாட்டு வாசகருக்கே செய்தியைக் குறிப்பால் உணர்த்த வேண்டியிருந்த சூழலை இது காட்டுகிறது.

இச்சூழலில் வெளிநாட்டு இதழ்கள் மாற்று மேடையாயின. 1975 ஆகஸ்ட் 15 அன்று, ஜெயப்பிரகாஷ் நாராயணை விடுவிக்கக் கோரி இலண்டன் ‘டைம்ஸ்’ இதழில் விளம்பர வடிவில் வேண்டுகோள் வெளியானது. 1976 ஜூனில் கைதான ஜார்ஜ் பெர்னாண்டஸின் பாதுகாப்புக் குறித்து வில்லி பிராண்ட், புரூனோ கிரைஸ்கி, ஓலோப் பால்மே போன்ற ஐரோப்பிய சோசலிசத் தலைவர்கள் கவலை தெரிவித்தனர். இத்தகைய கவனம், உலகத் தொடர்புடைய தொழிற்சங்கத் தலைவர் ஒருவருக்குக் கிடைத்தது என்பது கருதத்தக்கது. சென்னை மத்திய சிறையில் தாக்கப்பட்ட மிசாக் கைதிகளின் நிலையோ வேறு. அவர்களுள் ஒருவரான செங்கற்பட்டு நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அச்சிறையில் நடந்தவை முறைப்படி விசாரிக்கப்பட்டது, நெருக்கடிநிலை முடிந்தபின் அமைந்த நீதிபதி மு. மு. இஸ்மாயில் ஆணையத்தின் முன்புதான். அறிமுகத்தைச் சார்ந்த முறையீட்டின் குறை இதில் புலனாகிறது: அறியப்பட்டவரை அது எட்டும், அறியப்படாதவரை எட்டுவது அரிது.

இதற்கு ஓர் அமைப்புசார் காரணமும் உண்டு. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1976 மார்ச் 23 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது; இந்தியா அதில் இணைந்தது 1979 ஏப்ரலில். நெருக்கடிநிலையில் அவ்வுடன்படிக்கை இந்தியாவைக் கட்டுப்படுத்தவில்லை. உள்நாட்டிலோ, தடுப்புக் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனு கொண்டுவரும் உரிமை அக்காலத்தில் இல்லை என 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார்.

உரிமை சார்ந்த முறையீடு

உடன்படிக்கையின் முதல் விருப்ப நெறிமுறை, தனிமனிதர் ஒருவர் தம் அரசுக்கு எதிராக ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் நேரடியாக முறையிட வழிசெய்கிறது. இலங்கை 1997 அக்டோபரில் இதில் இணைந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்ட நல்லரத்தினம் சிங்கராசா இவ்வழியே குழுவை அணுகினார். 1993இல் கைதான அவருக்கு 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டாகக் குறைந்தது. தண்டனைக்கு அடிப்படை அவருடையதெனப்பட்ட ஒப்புதல் வாக்குமூலமே. அவர் அறிந்திராத சிங்களத்தில் அது எழுதப்பட்டிருந்தது; மொழிபெயர்த்தவர் காவலர். வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை மெய்ப்பிக்கும் சுமையைச் சட்டம் அவர்மீதே சுமத்தியது.

2004 ஜூலை 21 அன்று மனித உரிமைக் குழு, நியாயமான விசாரணைக்கான 14ஆம் உறுப்பு மீறப்பட்டதாகக் கண்டு, விடுதலை அல்லது மறுவிசாரணை, இழப்பீடு ஆகியவற்றை வலியுறுத்தியது. இம்முறையீட்டுக்கு எந்த உலகத் தலைவரின் பரிந்துரையும் தேவைப்படவில்லை. ஆனால், இக்கருத்தின் அடிப்படையில் அவர் இலங்கை உச்ச நீதிமன்றத்தை அணுகியபோது, குடியரசுத் தலைவர் நெறிமுறையில் இணைந்ததே அரசமைப்புக்கு முரண் என 2006 செப்டம்பர் 15 அன்று அந்நீதிமன்றம் அறிவித்தது. உலக அரங்கில் கிடைத்த வெற்றி உள்நாட்டு வாயிலில் நின்றுவிட்டது.

ஒப்பீடு

இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றையொன்று தலைகீழாகக் காட்டுகின்றன. இந்தியாவில் பன்னாட்டு மன்றம் இல்லை. ஆனால் தீர்வு வந்தது. 1977 தேர்தல் நடுவணாட்சியை மாற்றியது. தமிழகத்தில் காங்கிரசு இடம்பெற்ற அணியே வென்றபோதிலும், நாடு முழுவதுமான முடிவு நெருக்கடிநிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், 20, 21 ஆகிய உறுப்புகளின் உரிமைகளை எந்நெருக்கடியிலும் நிறுத்திவைக்க இயலாதவாறு செய்தது. இலங்கையில் பன்னாட்டு மன்றம் இருந்தது, தீர்வு வரவில்லை.

இதனால் பன்னாட்டு முறையீடு வீண் எனக் கொள்வது பிழை. அது தணிக்கைக்கு அப்பால் சான்றைப் பாதுகாக்கிறது. அரசு தானே ஒப்புக்கொண்ட கடமையை அதற்கு நினைவூட்டுகிறது. எனினும் அது தேர்தலுக்கோ, நீதிமன்றத்துக்கோ, விசாரணை ஆணையத்துக்கோ மாற்றன்று.

முடிவுரை

இந்தியா முதல் விருப்ப நெறிமுறையில் இன்றும் இணையவில்லை. உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பைத் தடுப்புக் காவல் குறித்த தன் அரசமைப்பு விதிகளுக்கு இயையவே பொருள்கொள்ளும் என்றும் அது அறிவித்துள்ளது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையொப்பமிட்டும் அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. ஆகவே இங்குத் தடுப்புக் காவலில் உள்ள ஒருவருக்கு, சிங்கராசாவுக்குத் திறந்த கதவும் திறக்காது. காலவாரிப் பொது மீளாய்வு, தன்னிச்சைக் காவல் குறித்த செயற்குழு போன்ற வழிகள் உள்ளன. அவற்றுள் முன்னது ஒரு நாட்டின் பொதுநிலையை ஆய்வது. பின்னதன் கருத்துகள் அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. உலக மனச்சாட்சியை நோக்கிய வேண்டுகோள்களோடு, இந்நெறிமுறையில் இணையுமாறும் அதன் முடிவுகளுக்கு உள்நாட்டுச் சட்டத்தில் இடமளிக்குமாறும் தன் அரசையே வற்புறுத்துவது குடிமக்களின் கடமையாகிறது. 1946இல் பிறநாட்டை நோக்கி இந்தியா முன்வைத்த அளவுகோலைத் தனக்கும் பொருத்திக்கொள்ளச் செய்வதே அதன் பொருள்.