பெயருக்குள் பெயர்

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுள் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைச் சிற்றூர்களை அறிந்தவர் பலர் இருக்கலாம். களியக்காவிளையில் பேருந்தினின்று இறங்கி, இஞ்சிவிளைப் பக்கம் ஒரு வீட்டை வினவுவதாகக் கொள்வோம். “வாத்தியார் வீட்டுக்கு அடுத்த வீடு” என்பது விடை. வாத்தியார் வீடு எது? “கோயிலுக்குத் தெற்கே” என்பது மறுவிடை. முதல் விடையோடு அமைந்துவிட்டவர் தெருவிலேயே நிற்பார். கோயில் எங்கே என்றதற்கு, “நீங்கள் தேடும் வீட்டுக்கு எதிரேதான்” என்று எவரேனும் சொல்லிவிட்டாலோ, பொழுது சாயும்வரை சுற்ற வேண்டியதுதான்.

கணிப்பொறிக்கும் இத்தொல்லை உண்டு. மின்விசை பாய்ந்தவுடன், தலைமை இயக்க நிரலை நினைவகத்தில் ஏற்றி நடைபெறச் செய்யும் சிறு மென்பொருளைப் பூட்லோடர் என்பர். வீட்டு இணையப் பெட்டி முதல் தொழிற்சாலைக் கருவி வரை பலவற்றில் அப்பணியைச் செய்வது யு-பூட். ஜெர்மானியரான வுல்ப்காங் டெங்க் வளர்த்த இம்மென்பொருள் 2002-இல் அப்பெயரைப் பெற்றது. கருவிக்குக் கருவி வேறுபடும் செய்திகளை இது பெயரிட்டு வைத்துக்கொள்கிறது. அப்பெயர்களே மாறிகள். டாலர் குறியும் வளைவடைப்பும் இட்டு மாறியின் பெயரை எழுதினால், அவ்விடத்தில் அதன் மதிப்பு வந்தமரும். இதுவே விரித்தல்.

ஆயின் யு-பூட் ஒருமுறைதான் விரிக்கும். வந்தமர்ந்த மதிப்பினுள் வேறொரு மாறியின் பெயர் இருப்பின், அது வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். வட்டின் அடையாளம் வரவேண்டிய இடத்தில் இவ்வாறு பெயர் மட்டும் நின்றால், இயக்க நிரல் தன் கோப்புகளைக் காணாது தொடக்கத்திலேயே தடைப்படும். இக்குறையை ஓரிடத்தில் களைவதற்குச் சைமன் கிளாஸ் என்னும் வல்லுநர் 2020-இல் ஒரு வசதியை முன்வைத்தார். இயக்க நிரலுக்கு அளிக்கும் கட்டளை வரியில் மாறியின் பெயரையே எழுதி வைக்கலாம். துவக்கும் தறுவாயில் யு-பூட் அதனை விரித்துக் கொடுக்கும். வேண்டுவோர் மட்டும் தெரிந்தெடுத்துக்கொள்ளும் வகையில் அது சேர்க்கப்பட்டது.

அங்ஙனமாயின், பெயருக்குள் பெயர் தீரும்வரை விரித்துக்கொண்டே போகலாமே என்று கேட்கத் தோன்றும். இவ்விருப்பத்தை நாம் மூன்று வகையில் சோதித்தல் வேண்டும்.

முதலாவது, சுழல். ஒரு மாறி மற்றொன்றைச் சுட்ட, அது மீண்டும் முதலாவதைச் சுட்டினால், விரித்தலுக்கு முடிவில்லை. அந்நிலையில் மீட்பதற்கு வேறு மென்பொருள் எதுவும் இன்னும் எழுந்திருக்கவில்லை. கருவியை அணைத்து ஏற்றினும் அதே சுழலே வந்து சேரும்.

இரண்டாவது, பெருக்கம். ஒவ்வொரு மாறியும் அடுத்ததை இருமுறை சுட்டுமாயின், பத்தாம் படியில் 1,024 பிரதிகள். முப்பதாம் படியில் நூறு கோடிக்கு மேல். பூட்லோடருக்கு உரிய சிற்றிடம் இதனைத் தாங்காது.

மூன்றாவது, நம்பகம். நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் லாக்4ஜே என்ற மென்பொருள், பிறர் அனுப்பிய உரைக்குள் இருந்த குறிகளையும் விரித்தது. அதன் வாயிலாக அயலார் தம் நிரலை அக்கணிப்பொறிகளில் ஓட்ட முடிந்தமை 2021 டிசம்பரில் வெளிப்பட்டது. தன்னையே சுட்டும் குறியால் முடிவின்றி விரியும் வேறொரு குறையும் அதே மாதத்தில் அறியப்பட்டது. பூட்லோடரும் வலையமைப்பினின்று சில மதிப்புகளைப் பெறுவதுண்டு என்பதை மறத்தலாகாது.

ஆகவே நம் முடிபு இது. உள்ளடுக்கு விரித்தல் பயனுடையதே. எனினும் கேட்டாலன்றி நிகழலாகாது. இத்தனை படி, இத்தனை எழுத்து என்ற வரம்பு வேண்டும். வரம்பு மீறின், எந்தப் பெயரில் சிக்கியது என்று அறிவித்து நிற்றல் வேண்டும். வெளியிலிருந்து வந்த மதிப்பை மீண்டும் விரித்தலாகாது. பழைய அமைப்புகள் முன்போலவே இயங்க வேண்டும்.

இவை நுணுக்கர்க்கு மட்டும் உரிய கவலை அல்ல. நாம் மும்பையிலோ டில்லியிலோ இருக்க, ஊரில் முதிய பெற்றோரின் வீட்டு இணையப் பெட்டி ஒரு புதுப்பித்தலுக்குப் பின் எழாது நின்றால், அன்றிரவு அவர்கள் குரலையும் முகத்தையும் நாம் இழக்கிறோம். வழி தேடுபவர் மூன்று பேரைக் கேட்டும் தெளிவு பெறாவிடில், சுற்றுவதை விடுத்துப் பேருந்து நிறுத்தத்துக்கே திரும்பி வந்து மீண்டும் விசாரிப்பார். கருவிக்கும் அவ்வளவேனும் கற்பித்தல் வேண்டும்.