லினக்ஸுக்கு வந்த மாற்றல்

சேலத்தில் கணக்கு எழுதியவர் மும்பைக்கு மாற்றலாகி வந்தால் கூட்டலும் கழித்தலும் மாறிவிடுவதில்லை. பேச்சு, ரயில் வழி, ரேஷன் கார்டு ஆகியவற்றைத்தான் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை வேறு வகைப் பிராசஸருக்குக் கொண்டுபோவதும் ஏறக்குறைய இப்படிப்பட்ட வேலைதான்.

கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, மற்ற புரோகிராம்களுக்கு நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டுத் தருவது ஆபரேட்டிங் சிஸ்டம். அவற்றில் ஒன்றான லினக்ஸை 1991-ல் எழுதத் தொடங்கியவர் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். இன்டெல் 386 பிராசஸரை மனத்தில் வைத்து எழுதியதால், வேறு இயந்திரத்துக்கு இதைக் கொண்டுபோக இயலாது என்று அவரே அப்போது அறிவித்திருந்தார்.

ஆல்பா இயந்திரம்

1994-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் டிஜிட்டல் கம்பெனியைச் சேர்ந்த ஜான் ஹால் அவரைச் சந்தித்தார். தம் கம்பெனியின் ஆல்பா இயந்திரம் ஒன்று அவருக்குக் கிடைக்க ஏற்பாடும் செய்தார். 386 என்பது 32 பிட் பிராசஸர். ஆல்பாவோ 64 பிட். நினைவகத்தை முன்னது 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்தது. பின்னது 8 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்தது. பக்கம் என்றால் நான்கு என்று நம்பி எழுதிய வரியெல்லாம் புது இயந்திரத்தில் இடறும்.

எனவே எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான வரிகள் ஒருபுறமும், இயந்திரத்தை நேரே தொடுகிற வரிகள் மறுபுறமுமாகப் பிரிக்கப்பட்டன. சுவிட்சைப் போட்டதும் ஓடுகிற தொடக்கம், நினைவகப் பட்டியல், ஒரு வேலையை நிறுத்தி மற்றொன்றுக்குத் தாவும் முறை ஆகியவை இரண்டாம் வகை. புதிய பிராசஸர் வந்தால் பெரும்பாலும் இந்தச் சிறு பகுதியைத்தான் புதிதாக எழுத வேண்டும். 1995 மார்ச்சில் வந்த லினக்ஸ் 1.2 ஆல்பாவிலும் ஓடியது.

வழியற்றுப் போனவர்கள்

அதே ஆல்பாவில் விண்டோஸ் என்.டி.யும் ஓடிக்கொண்டிருந்தது. 1998-ல் டிஜிட்டல் கம்பெனியை காம்பாக் வாங்கியது. மறு ஆண்டே ஆல்பாவில் விண்டோஸுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. விண்டோஸின் மூல வரிகள் கம்பெனியின் பெட்டிக்குள் இருந்ததால், காசு கொடுத்து வாங்கியவர்கள் தாமாக அதைத் தொடர வழியில்லாமல் போயிற்று. லினக்ஸின் மூல வரிகளை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் தரலாம். ஆகவே அது ஆல்பாவில் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது.

சென்னையில் எழுந்த 'சக்தி'

கட்டணமின்றி எவரும் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதி, 2010-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இதை வைத்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவானது 'சக்தி' பிராசஸர். 2018 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.15-ல் ரிஸ்க்-ஃபைவுக்கான பகுதி சேர்ந்தது. அதே ஆண்டில், சென்னையில் வடிவமைத்து அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் தயாரான 'சக்தி' சிப்பில் லினக்ஸ் ஓடியது.

இந்தியாவில் வடிவமைத்த சிப்புக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தரும்படி எந்தக் கம்பெனி வாசலிலும் மனுவோடு நிற்க வேண்டியிருக்கவில்லை. குமாஸ்தாவின் மாற்றலுக்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். லினக்ஸின் மாற்றலுக்கு, வேலை தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுதியதே போதுமானதாயிற்று.