பல்கலைக்கழக வெற்றிடங்கள்: தகைமை இருந்தும் தவறவிடுவது ஏன்?

பல்கலைக்கழகமொன்றில் பதவி வெற்றிடங்கள் என்ற விளம்பரம் வெளிவந்ததும் அது வாட்ஸ்அப் குழுமங்களில் வேகமாகப் பகிரப்படுகிறது. ஆனால் அதனை இறுதிவரி வரை வாசிப்பவர்கள் குறைவு. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

பாடசாலை ஆசிரியராக இருந்தபோது விரிவுரையாளர் பதவியொன்றுக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்தேன். தகைமை இருந்தது. அரச ஊழியர்கள் நிறுவனத் தலைவர் ஊடாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கடைசி வாரத்தில்தான் கவனித்தேன். அதிபர் அன்றே ஒப்பமிட்டார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வருவதற்குள் இறுதித் திகதி கடந்துவிட்டது. யாரோ தடுத்துவிட்டார்கள் என்றே வாப்பா நம்பினார். உண்மையில் தடுத்தது என் அலட்சியம்தான்.

எனவே இந்த வெற்றிடங்கள் எத்தகையவை என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

முதலாவது, கல்விசார் பதவிகள். விரிவுரையாளர் ஆட்சேர்ப்புக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 721 ஆம் இலக்கச் சுற்றறிக்கையே அடிப்படை. தகுதிகாண் விரிவுரையாளராக நுழைய, உரிய பாடத்தில் முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுச் சிறப்புப் பட்டம் பொதுவாகத் தேவை. நியமனம் கிடைத்தபின் உரிய காலத்துக்குள் பட்டப்பின் தகைமை பெற்றால்தான் பதவி நிரந்தரமாகும்.

இரண்டாவது, கல்விக்கு உதவும் பதவிகள். ஆங்கில போதனாசிரியர், கணினிப் பிரிவின் செய்நிரலாளர் போன்றவை இதில் அடங்கும்.

மூன்றாவது, நிர்வாக மற்றும் கல்விசாரா பதவிகள். உதவிப் பதிவாளர், உதவி நிதியாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், முகாமைத்துவ உதவியாளர் எனப் பல தரங்கள் உண்டு. நமது பட்டதாரிகள் பலர் விரிவுரையாளர் பதவியை மட்டுமே பார்த்துவிட்டு, மற்ற இரண்டையும் கடந்துபோய்விடுகிறார்கள்.

தற்காலிக விரிவுரையாளர் நியமனம் வேறு. அது குறிப்பிட்ட காலத்துக்கானது, தானாக நிரந்தரமாகாது. ஆயினும் கற்பித்தல் அனுபவமாக அது பயன்படும்.

“யாருக்குக் கொடுப்பது என்று முன்பே முடிவாகியிருக்கும், விண்ணப்பித்து என்ன பயன்?” என்று பலர் கேட்கிறார்கள். அநீதியே நடப்பதில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விண்ணப்பிக்காதவருக்குக் கேள்வி கேட்கும் இடமே இல்லை. விண்ணப்பித்தவர், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் புள்ளியிடும் திட்டத்தையும் தனக்குக் கிடைத்த புள்ளிகளையும் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் அக்கோரிக்கை மீது தீர்மானம் எடுக்கப்பட வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

ஆகவே விளம்பரத்தைக் கண்ட அன்றே அதிலுள்ள தகைமை, வயது, இணைப்புகள், இறுதித் திகதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அரச ஊழியராயின் மறுநாளே நிறுவனத் தலைவரிடம் ஒப்படையுங்கள். தபாலில் அனுப்புவதாயின் பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் விண்ணப்பப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள்.

தகைமை பெற நமது பிள்ளைகள் நான்கு வருடங்கள் உழைக்கிறார்கள். அந்த உழைப்பு ஒரு கையொப்பத்துக்காக வீணாகிவிடக் கூடாது.